ரெண்டா பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்கற கேனோ: தூக்கிட்டுப் போற வேலை இதுவரைக்கும்

கேனோங்கற துடுப்புப் படகோட ஹல்லை, அதாவது வெளிக்கூட்டை, நடுவுல அறுத்து முடிச்சாச்சு, இணைப்பு போல்ட்டும் போட்டுப் பாத்தாச்சு. முன்பாதியை எடுத்து பின்பாதிக்குள்ள வச்சா அடுக்கு டம்ளர் மாதிரி கச்சிதமா உக்காருது, 3.4 மீட்டர் கேனோ இப்போ 1.85 மீட்டர் நீளத்துல ஒரே பொட்டலம். மொத்த எடை 16 கிலோ கிட்ட வருது. படகு கட்டுன விவரத்தை விட அதைத் தண்ணி வரைக்கும் கொண்டு போறதுக்கு செஞ்ச சமாச்சாரத்தைத்தான் இதுல அதிகமா எழுதறேன், ஏன்னா தனி ஆளா ஓட்டற சின்ன படகுக்கு அந்த வழிதான் முக்கியம், ரூம்லேர்ந்து படி, படியிலேர்ந்து கார், கார்லேர்ந்து கரை, இதுல ஏதாவது ஒரு இடத்துல இன்னொரு ஆள் கை வேணும்னா அந்தப் படகு வீட்டுலயேதான் கிடக்கும்.

மொதல்ல மத்த வழியெல்லாம் ஒரு ரவுண்டு பாத்தேன். ஒரே துண்டா ரொம்ப லேசா கட்டறது ஒரு வழி. அமெரிக்காவுல ரஷ்டன்னு ஒரு படகு கட்டறவர், நெஸ்மக்ங்கற புனைபெயர்ல எழுதின ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸுக்காக 1883ல சேரி கேம்ப்னு ஒரு கேனோ கட்டிக் குடுத்தார், 9 அடி நீளம், எடை பத்தரை பவுண்டு, அதாவது 5 கிலோ கூட இல்லை, எபாக்ஸிப் பசையோ ஃபைபர் கிளாஸோ இல்லாத காலத்துல வெறும் சீடார் மரப்பலகையில இதைச் செஞ்சிருக்காருங்கறதை நினைச்சா இப்பவும் எனக்கு பிரமிப்பாத்தான் இருக்கு. ஆனா 9 அடின்னா 2.7 மீட்டர். எவ்வளவு லேசா இருந்தாலும் அது படி திரும்பற இடத்துல திரும்பாது, சின்ன காருக்குள்ள போகாது. எடைப் பிரச்சினை வேற, நீளப் பிரச்சினை வேற, ரெண்டுக்கும் தனித்தனியா வழி பண்ணணும்.

மடக்கு கயாக், அதாவது மேல மூடின ஒடுக்கமான துடுப்புப் படகைப் பிரிச்சு மடக்கற வகை, நீளத்துக்கு நல்ல பதில். ஜெர்மனியில ஆல்ஃபிரட் ஹாயரிச்னு ஒரு கட்டடக்கலை மாணவர் 1905ல துணியும் சட்டமுமா அதைச் செஞ்சார், ரோசன்ஹைம்ல தையல்காரரா இருந்த யோஹான் கிளெப்பர் 1907ல அந்த உரிமையை வாங்கி தயாரிக்க ஆரம்பிச்சார், அந்தக் கம்பெனியோட ரெண்டு பேர் கயாக்குலதான் ஹான்னஸ் லிண்டமன் 1956ல தனியா 72 நாள்ல அட்லாண்டிக்கைக் கடந்தார். அதனால பிரிச்சு மாட்டற படகு பலமா இருக்காதுன்னு யாராச்சும் சொன்னா அதை நான் ஏத்துக்கறதில்லை. எனக்கு ஒத்து வராதது வேற விஷயம், சட்டத்தை மாட்டி தோலை இழுத்து முடிக்க அரை மணி நேரம் ஓடிடுது, குழாய் இணைப்புக்குள்ள மணல் போயிட்டா திரும்பப் பிரிக்கறது பெரும்பாடு. காத்தடிக்கற படகுக்கும் நீண்ட கதை இருக்கு, 1840கள்ல ஹால்கெட்ங்கற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி மேல போட்டுக்கற அங்கியையே ஊதி படகாக்கற மாதிரி பண்ணிருந்தார், காத்துப் பிடிக்கற பாய்க்குப் பதிலா குடை. இன்னிக்கு பேக்ராஃப்ட், அதாவது முதுகுப்பையில அடங்கற ஊதற படகு, 3 கிலோவுக்குள்ளயே கிடைக்குது, நடந்து போய் ஆத்தைக் கடக்கறவங்களுக்கு அதை விட்டா வேற இல்லை, ஆனா ஏரியில எதிர்காத்து வந்தா நகரவே மாட்டேங்குது, ஈரத்தோட சுருட்டி வச்சா பூஞ்சையும் பிடிக்கும். எனக்கு வேண்டியது அஞ்சு நிமிஷத்துல தண்ணியில இறங்கணும், நேரா ஓடணும். அதான் ரெண்டு துண்டு பிளைவுட் கேனோ.

ஹல் 4 மில்லி ஒகூமேங்கற லேசான மரத்துல செஞ்ச, தண்ணி தாங்கற மரைன் பிளைவுட், கம்பி போட்டுத் தைச்சு எபாக்ஸியில ஒட்டற முறை. அதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் தாண்டிப் போறேன். ரெண்டு விஷயம் மட்டும், இந்த மாதிரி உள்ள வைக்கற டிசைனுக்கு பக்கச்சுவர் நல்லா வெளிய சாஞ்சிருக்கணும், அப்புறம் மேல் விளிம்புக் கட்டை வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கணும், உள்பக்கம் இருந்தா முன்பாதி இறங்கவே இறங்காது. வெட்டும் நடு மையத்துல இல்லை, அதிகபட்ச அகலத்துக்கு முன்னாடி, பின்பாதி 1.85 மீட்டர் முன்பாதி 1.55.

இணைப்புதான் இதுல ரொம்ப யோசிச்ச இடம். முழுப் படகா கட்டும்போதே வெட்டப்போற இடத்துல ரெண்டு குறுக்குத் தடுப்புப் பலகையை நடுவுல 3 மில்லி இடைவெளி விட்டு பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஓட்டையும் ரெண்டுக்கும் சேர்த்தே போட்டுட்டு, அப்புறம் அந்த இடைவெளியில மெல்லிசான இழுப்பு ரம்பத்தை விட்டு சுத்தி அறுத்தேன். இப்படிப் பண்ணா ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம போக வாய்ப்பே இல்லை. அந்த 3 மில்லியில இப்போ நியோப்ரீன் ரப்பர் ஷீட் உக்காந்திருக்கு. நான் உக்காந்து காலை நீட்டினா தடுப்பு சரியா முட்டிக்குக் கீழ வருது, அதனால நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம் மட்டும் விட்டு U மாதிரி குடைஞ்சு, விளிம்புல நுரைக் குழாயை நெடுக்கப் பிளந்து மாட்டியிருக்கேன்.

போல்ட்டு எங்க போடணும்ங்கறதுக்கு ஒரு சின்ன கணக்கு. ஆளோட எடை நடுவுல அழுத்துது, தண்ணி ரெண்டு முனை வரைக்கும் பரவி மேல தள்ளுது, அப்போ படகு நடுவுல தொய்யப் பாக்கும், மேல் விளிம்பு ஒண்ணோட ஒண்ணு இறுகும், அடிப்பக்கம் பிரிஞ்சு வரப் பாக்கும். 75 கிலோ ஆளுக்கு அலை இல்லாத தண்ணியிலயே அடி போல்ட்டு ரெண்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல இழுவை தாங்க வேண்டி வரும்னு என் கணக்குல வந்துச்சு, அலை வந்தா அதுக்கும் மேல. 8 மில்லி எஃகு போல்ட்டுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லை, வலு போறது அதைச் சுத்தி இருக்கற மரத்துலதான். அதனால ஓட்டையைச் சுத்தி இன்னொரு 6 மில்லி பிளைவுட் ஒட்டி, மேல ஃபைபர் கிளாஸ், அகலமான வாஷர். அடி போல்ட்டு தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கறதால ரப்பர் வாஷரும் கூட. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் சேர்ந்தா சில சமயம் மரை ஒட்டிப் பிடிச்சுக்கும், அதுக்காக ஒரு பக்கம் பித்தளை நட்டை மரத்துலயே புதைச்சு எபாக்ஸி வச்சிட்டேன், இன்னொரு பக்கம் கையால திருகற நாப், அது மணல்ல விழுந்து காணாம போகாம இருக்க மெல்லிசு கயிறு கட்டி படகுலயே தொங்குது.

இனி தூக்கற வேலை.

முதுகுல மாட்டற வழியைத்தான் முதல்ல பண்ணேன். பழைய மலையேற்றப் பையோட அலுமினிய சட்டம், இடுப்புப் பட்டை எல்லாத்தையும் கழட்டி, பின்பாதியோட அடியில ரெண்டு ஸ்ட்ராப்புல கட்டினேன். தோள்ல தொங்கற 16 கிலோவும் இடுப்புல உக்கார்ற 16 கிலோவும் ஒண்ணே இல்லை, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்புக்கு மேல இறுக்கினதும் கழுத்து லேசாயிடுது. உயரம்தான் தொந்தரவு. குதிகால்ல இடிக்காம இருக்க கீழ்முனை தரையிலேர்ந்து 45 சென்டிமீட்டர் மேல இருக்கணும், அப்போ மேல்முனை 2.3 மீட்டருக்குப் போயிடுது, வாசல்ல குனியணும், மரத்தடியில கிளையைப் பாத்து நடக்கணும். படியில மட்டும் இதை அடிச்சுக்க ஆளில்லை, ரெண்டு கையும் சும்மா இருக்கு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே இறங்கலாம்.

மாட்டி முடிச்ச படகைத் தலைகீழா தோள்ல வைக்கறதுக்கு ஒரு நுகம் செஞ்சேன். கட்டையை கழுத்துக்காக நடுவுல வளைவா குடைஞ்சு, தோள்பட்டை வர்ற இடத்துல ரெண்டு பக்கமும் அழுத்தமான நுரை, ரெண்டு முனையிலயும் விளிம்புக் கட்டையைக் கவ்வற மாதிரி திருகு. படகை ஒரு உருளைக் குழாய் மேல வச்சு சமநிலைப் புள்ளியைக் குறிச்சுக்கிட்டு, நுகத்தை அதுக்கு 4 சென்டிமீட்டர் முன்னாடி, அதாவது மூக்குப் பக்கமா மாட்டணும். அப்போ பின்பக்கம் கொஞ்சம் கனமாகி மூக்கு மேல எழும்பி நிக்கும், எதிர்ல வழி தெரியும். மூக்குல கட்டின கயிறை ஒரு கையில பிடிச்சுக்கிட்டா மேல கீழ ஆடறதை அடக்கிடலாம். இறுகின மண் பாதையில இது ரொம்ப சுகமா இருக்கு, பக்கக்காத்து வந்தா மட்டும் படகு திரும்பப் பாக்குது, அப்போ உடம்பையும் சேர்த்துத் திருப்பணுமே ஒழிய எதிர்த்து நிக்கக் கூடாது.

சக்கர வண்டியில கணக்கு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஒரு சாதாரண 4.2 மீட்டர் கயாக், 24 கிலோன்னு வச்சுக்குங்க, கனம் சரியா நடுவுல. சக்கரத்தை பின்முனையிலேர்ந்து 30 சென்டிமீட்டர்ல வச்சு மூக்கைப் பிடிச்சு இழுத்தா கையில 11 கிலோ. அதே சக்கரத்தை ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தினா 5 கிலோ சொச்சம். 1.9 மீட்டர்ல வச்சா 2 கிலோதான். பின்முனையில சொருகற வண்டி மாட்டறதுக்கு சுலபம்னு நிறைய பேர் அதையே எடுக்கறாங்க, தூரம் கொஞ்சம் அதிகம்னா தயவுசெஞ்சு நடுவுல மாட்டறதைப் பாருங்க, முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும்.

என் படகுல தடுப்புப் பலகை போல்ட்டு ஓட்டையிலயே சக்கர பிராக்கெட்டும் மாட்டுது, புதுசா ஒரு ஓட்டை கூட போடலை, இந்த மொத்த வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். உள்ளுக்குள்ள வச்ச பொட்டலத்துல ரெண்டு தடுப்பும் ஒரே பக்கம் இருக்கறதால கனமும் அந்தப் பக்கம், அதனால மெல்லிசான முனையைப் பிடிச்சு இழுக்கறப்போ கையில 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலதான் வருது. 25 சென்டிமீட்டர் காத்தில்லாத சக்கரம் தார் ரோட்டுலயும் புல்லுலயும் நல்லா ஓடுது. ஜல்லியில தடுமாறுது. ஈரமில்லாத மணல்ல நேரா உள்ள இறங்கிடுது, அங்க காத்து கம்மியா வச்ச அகலமான பலூன் சக்கரம்தான் ஓடும், ஆனா அது படகுக்குள்ள அடைச்சுக்கற இடம் ரொம்ப அதிகம், அதனால மணல் கரைன்னா நான் சக்கரத்தைக் கழட்டிட்டு நுகத்துக்கு மாறிடறேன்.

கட்டற பட்டை விஷயத்துல ஒரு வார்த்தை. நைலான் பட்டை நனைஞ்சா நீளுது, கரையில இறுக்கிக் கட்டினது பத்து நிமிஷத்துல தளர்ந்து சக்கரம் கோணலாகும். பாலியெஸ்டர் அப்படி நீளாது, வெயிலையும் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் தண்ணி குடிக்காது, ஆனா வெயில்லயே கிடந்தா பொடிஞ்சு போகுது. நான் எல்லாத்தையும் 25 மில்லி பாலியெஸ்டருக்கு மாத்திட்டேன், பக்கிள் கேம் வகை, அதாவது கையால இழுத்தா பல் கவ்விப் பிடிக்கறது, நெம்பி நெம்பி இறுக்கற ராட்செட் வேண்டாம், அது 4 மில்லி பலகையை நசுக்கற அளவுக்கு இறுக்கிடும்.

ரெண்டு முனையிலயும் மிதப்புக்கு காத்துப்பை வச்சுதான் தண்ணியில இறக்கறேன், பின்பக்கத்துப் பையை மட்டும் படகை அடுக்கறப்போ காத்தை இறக்கிடணும். இணைப்புல தண்ணி கசியலை, உள்ள கையை வச்சு ரப்பரைச் சுத்தித் தடவிப் பாத்தா காய்ஞ்சுதான் இருக்கு.

அடுத்த வேலை பிராக்கெட்டோட கையை நீட்டி அச்சை தடுப்புலேர்ந்து 40 சென்டிமீட்டர் உள்ள கொண்டு போறது, இப்போ 20ல இருக்கு. அப்படிப் பண்ணா கையில வர்ற எடை 4 கிலோவுக்கு இறங்கும். அலுமினியக் குழாயை அளவுக்கு வெட்டி வச்சாச்சு, அச்சுக்கு ஓட்டை போட்டு பின் மாட்டறதும், முதுகுச் சட்டத்தை டக்குனு கழட்ட ரெண்டு கொக்கி தைக்கறதும் பாக்கி இருக்கு.