வர்ஷிச் சாலையில் 50 வளைவுகள்

ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவுக்கு வேலை மாறி வந்த புதிதில், பார்க்கிறவர்கள் எல்லோரும் பிளெட் ஏரிக்குப் போனீர்களா என்றுதான் கேட்டார்கள். ஸ்லோவேனிய மொழி வகுப்பு எடுத்த ஆசிரியை மட்டும் வர்ஷிச் மலைச்சாலையில் ஏறி இறங்கிவிட்டு வரச் சொன்னார். இந்த ஊர் வரலாறு பாதி அங்கேதான் கிடக்கிறது என்றார்.

கிரான்ஸ்கா கோராவில் தொடங்கி, 1,611 மீட்டர் உயரத்தில் மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் ட்ரெண்டா பள்ளத்தாக்கில் இறங்குகிறது சாலை. ஏறும்போது 24, இறங்கும்போது 26 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. கொல்லிமலையின் எழுபதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் வடக்குப் பக்க வளைவுகளில் தார் கிடையாது, சதுரக் கல் பாவியிருக்கிறது. சாலையின் வலப்பக்கமாக ஓட்டவே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். வயிற்றைக் கலக்கியது.

முதல் உலகப் போரின்போது, 1915 மே மாதம் இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவித்தது. மலைக்கு அந்தப் பக்கம், சோச்சா ஆற்றை ஒட்டிப் போர்முனை விரிந்தது. கிரான்ஸ்கா கோரா வரை அப்போது ரயில் இருந்தது. அதற்கப்புறம் குண்டும் ரொட்டியும் மலையைத் தாண்டியாக வேண்டும். கிழக்குப் போர்முனையில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சாலை தயார். தளபதியாக இருந்த இளவரசர் ஆய்கனின் பெயரைச் சூட்டினார்கள். மண் வெட்டியவர்களின் பெயர் சாலைக்கு வர 2006 ஆயிற்று: இன்று கிரான்ஸ்கா கோராவிலிருந்து உச்சி வரையிலான பகுதி அதிகாரபூர்வமாக 'ரஷ்யச் சாலை'.

சாலை போட்டதோடு விட்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். ராணுவத்துக்குக் குளிர்காலத்திலும் வழி திறந்திருக்க வேண்டும். அதனால் கைதிகள் பனியை வாரிக்கொண்டே இருந்தார்கள். 1916 மார்ச்சில் மொய்ஸ்த்ரோவ்கா சரிவிலிருந்து பனி பெயர்ந்து விழுந்து அவர்களை மூடியது. செத்தவர்களின் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. நூறுக்குக் குறைத்து யாரும் சொல்வதில்லை. காவலுக்கு நின்றவர்களும் அதில் அடக்கம். மிஞ்சிய கைதிகள் எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் மரத்தாலேயே ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். ஜூலை கடைசியில் அங்கே ஆண்டுதோறும் நினைவுக்கூட்டம் நடக்கிறது. நூற்றாண்டான 2016இல் புதினே வந்திருக்கிறார்.

எனக்கு அதைவிட மலை உச்சிதான் பிடித்தது. போர் முடிந்து, இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் போட்ட 1920 ராபல்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லைக்கோடு அங்கேதான் ஓடியது. ட்ரெண்டா இத்தாலிக்கு, கிரான்ஸ்கா கோரா யூகோஸ்லாவியாவுக்கு. ட்ரெண்டாவில் 1910இல் பிறந்து தொண்ணூறு வயது வாழ்ந்தவரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, யூகோஸ்லாவியா, ஸ்லோவேனியா என்று வாசற்படி தாண்டாமலேயே நாலு நாடு பார்த்திருப்பார். நாங்கள் ஒரே ஒரு நாடு மாற, வதிவிட அனுமதிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சல் இருக்கிறதே! இங்கே வயதானவர்களிடம் பேசும்போது "நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள்" என்று கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

போவதென்றால் கோடையில் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். நேரமானால் மோட்டார் பைக் கூட்டம், தேவாலயத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நாடு முழுக்கவே குளிர்கால டயரோ, சாதாரண டயரென்றால் கூடவே பனிச்சங்கிலியோ கட்டாயம். அதை மாட்டிக்கொண்டு போனாலும் வர்ஷிச்சில் ஏற முடியும் என்று சொல்வதற்கில்லை. பனிச்சரிவு அபாயம் என்றால் இப்போது சாலையையே மூடிவிடுகிறார்கள்.