இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி விழாமலிருக்க

பயணத்தில் நமக்கு வேண்டிய வெளிச்சம் வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். குகைக்குள்ளே ஓவியம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அருங்காட்சியகத்தில் ஃபிளாஷுக்கும் முக்காலிக்கும் தடை. எடுத்ததைக் கணினியில் திறந்தால் வானமும் நிழல்களும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி பொரிந்து கிடக்கும். கேமராவின் ஐஎஸ்ஓ அமைப்பைக் குறைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் அடுத்த பயணத்துப் படங்களையும் கெடுத்துவிடும்.

இந்தப் புள்ளிகள், அதாவது நாய்ஸ், பிறப்பது ஐஎஸ்ஓவால் அல்ல, ஒளி போதாமையால். தூறல் தொடங்கும்போது தளம் போட்ட தரையைப் பாருங்கள். ஒரு கல்லில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துக் கல்லில் ஏழு. மழை வலுத்தபின் எல்லாக் கற்களும் ஒரே சீராக நனைந்திருக்கும். கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரின் பிக்சல்களில் ஒளித்துகள்கள் விழுவதும் இதே கணக்குதான். சராசரியாக 100 துகள் விழுகிற இடத்தில் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு; அது கண்ணை உறுத்தும். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, நூற்றில் ஒரு பங்குதான், கண்ணுக்கே தெரியாது. விழுந்து முடிந்ததைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே ஐஎஸ்ஓவின் வேலை.

அதனால், ஷட்டரும் (ஒளி விழும் நேரம்) அபெர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அகலம்) மாறாதவரை, ஐஎஸ்ஓ 3200-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம், 800-இல் இருட்டாக எடுத்துப் பிறகு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றிய படத்தைவிட மோசமாக இருக்காது. புதிய சென்சார்கள் பலவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பழைய சென்சார்களில் ஏற்றிய படத்தின் நிழல்களில் கோடு கோடாகப் பட்டை தெரியும், அதைத் துடைத்தெடுப்பது புள்ளிகளைத் துடைப்பதைவிடக் கடினம்.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது அபெர்ச்சரில். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் பொதுவாக 18-இல் எஃப்/3.5, 55-இல் எஃப்/5.6 (எண் பெரிதானால் திறப்பு சிறிது). ஜூம் செய்த அளவிலேயே ஒளி இரண்டரை மடங்கு குறைந்துவிடும். இருட்டில் ஜூம் செய்வதைவிட நாலடி முன்னே நடப்பது மேல். எஃப்/1.8 உள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 கேட்கும் காட்சி 640-இலேயே முடிந்துவிடும். இரவுப் படங்களுக்காகப் பணம் செலவிடுவதானால் புது கேமராவுக்கு முன்னால் இந்த லென்ஸுக்குத்தான் செலவிட வேண்டும். சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து பெரிய ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அடுத்தது ஷட்டர். நடக்கிறவர்களுக்கு 1/125, நின்று பேசுகிறவர்களுக்கு 1/60 நொடி வேண்டும். அசையாத கட்டடத்துக்கு, லென்ஸிலோ கேமராவிலோ ஸ்டெபிலைசேஷன் இருந்தால், 1/10 நொடியிலும் கையிலேயே எடுக்கலாம். நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். பொத்தானை அழுத்தும் அதிர்வு முதல் படத்திலும் விடும் அதிர்வு கடைசிப் படத்திலும் விழும், நடுவில் உள்ளவற்றில் ஒன்று கூர்மையாக இருக்கும். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே ஆடுகிறவரை நிறுத்தாது. அபெர்ச்சரும் ஷட்டரும் எல்லையைத் தொட்ட பிறகு ஐஎஸ்ஓ எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கொடுத்துவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/125, உச்சவரம்பு ஏபிஎஸ்-சிக்கு 6400, ஃபுல் ஃபிரேமுக்கு 12,800 என்று வைத்துவிட்டால் தெருவில் நடக்கும்போது அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புள்ளிகளைப் பின்னால் நீக்கலாம். கலங்கிய முகத்தைத் திருத்த வழியில்லை.

வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை வலப்பக்கம், அதாவது வெளிச்சப் பக்கம், தள்ளி எடுக்கச் சொல்வார்கள். ஷட்டர் நேரத்தைக் கூட்டியோ அபெர்ச்சரைத் திறந்தோ தள்ளினால் மட்டுமே அதில் பயன் உண்டு. ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றித் தள்ளினால் புதிதாக ஒளி எதுவும் உள்ளே வருவதில்லை, விளக்குகளும் பெயர்ப்பலகைகளும் வெளுத்துப்போவதுதான் மிச்சம்.

ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாக, எடுப்பது கட்டாயம். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. அதைவிட முக்கியம், ஜேபெக்கில் கேமராவே நாய்ஸை நீக்கி, தோலின் நுணுக்கத்தையும் சேர்த்து வழித்துவிடும். மஞ்சள் விளக்கின் கீழ் நீல நிற ஒளி மிகக் குறைவு. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்ய நீலத்தைப் பெருக்கும்போது அந்தச் சேனலின் புள்ளிகளும் பெருகும். அதனால் இரவுத் தெருவின் மஞ்சளைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். எல்இடி விளக்கின் கீழ் படத்தில் குறுக்காக அகலப் பட்டைகள் விழுந்தால் அது நாய்ஸ் அல்ல, விளக்கின் துடிப்பு. எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்; மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வையுங்கள்.

முக்காலிக்கு இடமிருந்தால் வேலை எளிது: ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர், பல லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிட வேண்டும். முக்காலி கூடாத இடத்தில்தான் அடுக்கும் முறை கைகொடுக்கிறது. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நாய்ஸ் குறையும். 4 படத்தில் பாதி, 16 படத்தில் கால் பங்கு. மேனுவலில் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டி, தூணிலோ சுவரிலோ சாய்ந்து 8 முதல் 16 படம் தொடர்ச்சியாக எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைச் சமநிலை கொடுத்து, ஷார்ப்பனிங்கை அணைத்து, ஃபோட்டோஷாப்பில் ஃபைல், ஸ்கிரிப்ட்ஸ், லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக் என்று போங்கள். அங்கே தானாகப் பொருத்தும் பெட்டியையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். பிறகு லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டாக் மோடு. அதில் 'மீன்' (Mean, சராசரி) கொடுத்தால் நாய்ஸ் அதிகம் குறையும். 'மீடியன்' (Median, நடு மதிப்பு) கொடுத்தால் குறுக்கே நடந்தவர்களும் மறைந்துபோவார்கள். விளிம்புகள் சற்று வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். காற்றில் ஆடும் இலையும் ஓடும் நீரும் மசமசவென்று ஆகிவிடும், அந்தப் பகுதிக்கு மட்டும் ஒற்றைப் படத்தை, மற்றதை மறைக்கும் மாஸ்க் போட்டு, மேலே வையுங்கள்.

கைபேசியின் நைட் மோடும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது. 2018-இல் கூகுளின் பிக்சல் கைபேசியிலும் 2019-இல் ஐபோன் 11-லும் வந்தபோது சென்சார் பெரிதாகிவிடவில்லை, அடுக்கும் கணக்குதான் கூடியது. ஆகவே லென்ஸைத் துடைத்து, கைபேசியைத் திண்ணையிலோ கைப்பிடிச் சுவரிலோ அழுந்த வைத்து, 1x-இலேயே எடுங்கள். பிரதான கேமராவின் சென்சார்தான் பொதுவாக மற்றவற்றைவிடப் பெரிது.

நட்சத்திரங்களுக்கு 20 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி என்று தொடங்கலாம். நட்சத்திரம் கோடாக இழுபடாத அதிகபட்ச நேரத்துக்கு, 500-ஐ ஃபோகல் லெங்த்தால் (இங்கே 20) வகுக்கும் பழைய விதிப்படி 25 நொடி வரும். ஏபிஎஸ்-சி என்றால் அதை மேலும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். பிக்சல் அடர்த்தியான சென்சார்களில் அந்தக் கணக்கிலும் நட்சத்திரம் கோடாக இழுபடும். இங்கே வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சென்சாரின் சூடு சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறினால் இருள் மின்னோட்டம் (ஒளியே இல்லாமல் சென்சாரில் வெப்பத்தால் எழுவது) இரட்டிப்பாகும். காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவை நெடுநேரம் ஓடவிடாதீர்கள். நீள் எக்ஸ்போஷர் நாய்ஸ் நீக்கத்தை இயக்கினால், 20 நொடிப் படத்துக்குப் பிறகு ஷட்டரை மூடி இன்னொரு 20 நொடி எடுத்து, அதைக் கழிக்கும். நேரமும் பேட்டரியும் இரண்டு மடங்கு செலவாகும். அடுக்கப்போகும் வரிசைக்கு அதை அணைத்துவிட்டு, கடைசியில் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில் பத்து இருள் படம் எடுத்துக்கொண்டால் சீக்வேட்டர் போன்ற மென்பொருள் கழித்துக்கொள்ளும்.

அறைக்குத் திரும்பியதும் நாய்ஸ் நீக்கத்தை முதலில் செய்யுங்கள், ஷார்ப்பனிங் பிறகு. படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸ் ரா கோப்புகளில் நன்றாக வேலை செய்கிறது. அதன் அளவை 50-இலிருந்து 30 அல்லது 40-க்கு இறக்கினாலே பெரும்பாலும் போதும். தூரத்து முகங்களையும் பலகை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள், அது சில இடங்களில் இல்லாத வடிவத்தைக் கற்பித்துவிடும். கையால் செய்வதானால் முதலில் நிறப் புள்ளிகளை நீக்குங்கள்: கலர் 25-இலிருந்து 40. வெளிச்சப் புள்ளிகளை நீக்கும் லூமினன்ஸ் 20, 30-ஐத் தாண்டினால் கல்லும் துணியும் மெழுகாகிவிடும். ஷார்ப்பனிங்கில் ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங்கை நகர்த்தினால் வெறும் வானத்தை விலக்கி விளிம்புகளை மட்டும் கூர்மையாக்கலாம். இலவச மென்பொருள் வேண்டுவோருக்கு டார்க்டேபிளின் 'டீநாய்ஸ் புரொஃபைல்டு' கேமராவுக்கேற்ற அளவீட்டோடு வருகிறது.

இவ்வளவும் எல்லாப் படத்துக்கும் தேவைப்படாது. 6000×4000 படத்தை 1500×1000 ஆகச் சுருக்கும்போது 16 பிக்சல் ஒன்றாகச் சேர்ந்து நாய்ஸ் தானே கால் பங்காகும். அதனால் படம் வெளியாகப்போகும் அளவில் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வானத்தை முழுக்க வழவழப்பாக்கவும் வேண்டாம். புள்ளியே இல்லாவிட்டால் 8 பிட் ஜேபெக்கில் அந்தி வானம் வளையம் வளையமாக உடைந்து தெரியும். அப்படி உடைந்துவிட்டால் கிரெய்ன் (செயற்கைப் பொடிப்புள்ளி) 5 முதல் 10 வரை சேர்த்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், வளையங்கள் கலைந்துவிடும்.