வெள்ளிக்கிழமை பஃபே

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் கொடுத்த உணவுத் தாளை, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அக்கா காரிலேயே படித்து முடித்துவிட்டாள். பச்சைக் காய்கறி கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது, அரைவேக்காட்டு முட்டை கூடாது. அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. பஃபே, சாலட் பார் இரண்டும் கூடாது என்ற வரியில் விரலை வைத்து, "இதைப் பாருடா" என்றாள். அத்தான் திரும்பவில்லை. இன்று ஹூஸ்டனில் ரோடியோ என்ற மாட்டுத் திருவிழா தொடங்குகிறது. மருத்துவமனையைச் சுற்றி எல்லாச் சாலையிலும் நெரிசல்.

மார்ச் 5, புதன்

ரத்தத்தில் கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களின் கவுண்ட் 300. மிகக் குறைவு.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் என்றால் அக்காவுக்கு ஹில்கிராஃப்டில் பஃபே. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பழக்கம். இன்று நான் தனியாகப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். "நல்லாச் சாப்பிடு. வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்." எனக்கு மனசே இல்லை. அத்தானும் போய் வா என்று சாவியைக் கொடுத்தார்.

சுகர் லேண்டிலிருந்து 59-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஹில்கிராஃப்டில் இறங்கினால் புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, நடுநடுவே சாப்பாட்டுக் கடைகள். 2010-ல் இந்த வட்டாரத்துக்கு மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்தார்கள். தெருப் பலகையிலும் அந்தப் பெயர் இருக்கிறது.

பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தார்கள். வெந்நீர்த் தொட்டியின் மேல் எவர்சில்வர் ட்ரேக்கள் வரிசையாக: பட்டர் சிக்கன், பாலக் பனீர், சன்னா மசாலா, நவரத்தின குருமா, தால் மக்கனி, சீரகச் சாதம், கோபி மஞ்சூரியன். கடைசியில் சாம்பாரும் சின்னச் சின்ன இட்லியும். பஞ்சாபி கிரேவிக்கு இந்தத் தொட்டி ஒத்துப்போகிறது. வெங்காயம், தக்காளி, முந்திரி, வெண்ணெய் எல்லாம் சூட்டில் நிற்க நிற்க ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. நம் பலகாரம் அப்படி நிற்காது. இட்லி ஆவியில் நனைந்து கனத்துப் போகிறது. தோசையை ட்ரேயில் அடுக்கவே முடியாது. கேட்டால் சுட்டு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். அதுதான் சரி.

தந்தூர் அடுப்பில் நின்றவர் மெக்சிகோக்காரர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தேன். மாவு உருண்டையைக் கைக்குக் கை தட்டி அகலமாக்கி, துணித் திண்டின் மேல் விரித்து, தோள்வரை கையை உள்ளே விட்டு அடுப்புச் சுவரில் ஒரே அறை. ரொட்டி புடைத்து அங்கங்கே கருகியதும் கம்பியால் கொக்கி போட்டு எடுக்கிறார். கூடையில் போட்ட சில நிமிடங்களிலேயே அதன் ஓரம் விறைக்க ஆரம்பிக்கிறது. அக்கா இருந்திருந்தால் கூடையில் கிடந்ததைத் தொட்டிருக்க மாட்டாள், அடுத்தது வரும்வரை அங்கேயே நின்றிருப்பாள். நானும் நின்றேன்.

மார்ச் 8, சனி

நேற்று வந்ததும் தூங்கிப் போயிருந்தாள். இன்று காலையில் விசாரணை.

"முதல் தட்டுல என்ன எடுத்த?"

"சிக்கன், பாலக், ஒரு பக்கோடா."

"பக்கோடா மொறுமொறுன்னு இருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் எடுத்த? புது ட்ரே வர்ற வரைக்கும் அதைத் தொடவே கூடாது."

அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் சுற்று வெறுங்கையோடு. எந்த ட்ரே இப்போதுதான் உள்ளேயிருந்து வந்திருக்கிறது, எது காலையிலிருந்து அப்படியே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கரண்டிக் காம்பில் குழம்பு காய்ந்திருந்தால் பழையது. சாதம் கடைசியில்தான். இரண்டாவது முறை போகும்போது புதுத் தட்டு. எச்சில் தட்டோடு போகக் கூடாது என்பது இங்கே சுகாதார விதியே. ஆட்டுக்கறி வாரக் கடைசியில் மட்டும்தான் வைப்பார்கள், நல்ல எலும்புத் துண்டெல்லாம் ட்ரேயின் அடியில் கிடக்கும் என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் வாயைக் கொப்பளிக்க எழுந்து போனாள்.

மார்ச் 10, திங்கள்

135 டிகிரி ஃபாரன்ஹீட். சூடான பண்டம் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்த நாட்டு உணவுச் சட்டம். நம் செல்சியஸ் கணக்கில் 57. குளிர்ந்ததை 41 ஃபாரன்ஹீட்டுக்கு மேலே விடக் கூடாது. ராத்திரி முழுக்க இதையேதான் படித்தேன். ட்ரேயின் அடியில் 135 இருக்கும், மேலே ஏடு கட்டிய இடத்தில் எவ்வளவு இருக்கும்? ஒருவர் கிளறிவிட்டுப் போன பிறகு? சாதம்தான் பயமாக இருக்கிறது. அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாதாம். சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். போன மாதம் ஒரு கடையில் தால் ட்ரேயின் அடியில் நெருப்பு அணைந்து கிடந்தது. நான் போய்ச் சொன்னதற்கு, "இப்போதான் சார் வெச்சோம்" என்றார்கள். தொட்டுப் பார்த்தேன், ட்ரே ஆறிப் போயிருந்தது. அன்று அக்காவும் அதில்தான் சாப்பிட்டாள். அப்போது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதே தாலை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. சமைக்கிறவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. எந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக் குக்கரையே மூன்று தடவை கழுவினேன்.

மார்ச் 12, புதன்

கவுண்ட் 400. அடுத்த கீமோ சைக்கிளைத் தள்ளிப் போடுகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. ஹில்கிராஃப்டில் குஜியா என்ற இனிப்புச் சோமாசி போட்டிருப்பார்கள் என்று காலையில் பேசிக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு அக்காவின் உடம்புச் சூடு 99.8. ஐந்தரைக்கு 100.9. 100.4-ஐத் தொட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார்கள். கிளம்பினோம்.

மார்ச் 15, சனி

ஆன்டிபயாடிக் ஏறுகிறது. எழுத ஓடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எதைச் சாப்பிட்டாலும் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம். பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், கொஞ்சம் பரவாயில்லை. திடீரென்று கேட்டாள்: "அன்னைக்கு சாம்பார்ல வெல்லம் போட்டிருந்தாங்களா?" போட்டிருந்தார்கள் என்றேன். "உடுப்பிக்காரங்க கை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தான் வராந்தாவில் யாருடனோ இன்ஷூரன்ஸ் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. பருப்புச் சாதம் வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போய்ச் சமைத்து வர நேரமில்லை. நர்ஸிடம் கேட்டேன். அப்போதே சமைத்தது, கொதிக்கக் கொதிக்கக் கட்டியது, வேறு யார் கரண்டியும் படாதது என்றால் சரி என்றார்.

நான் போகும்போது மணி மூன்று. பஃபே முடிந்து ட்ரேக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், அறுபது வயசிருக்கும். ட்ரேயில் இருப்பது வேண்டாம், புதுசாக வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "யாருக்குத் தம்பி?" என்றார். அக்காவுக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, சின்னக் குக்கரை எடுத்துக் கொதிக்கும் நீரை ஊற்றி அலசினார். பாசிப்பருப்பு, மஞ்சள், ஒரு சிட்டிகை பெருங்காயம். மிளகாய் வேண்டாம், வாய் புண்ணாக இருக்கும் என்று அவராகவே விட்டுவிட்டார். நெய்யில் சீரகம் மட்டும் தாளித்தார். சாதத்தைக் குழைய விட்டு, இரண்டையும் தனித்தனி டப்பாவில் மூடித் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "போற வழியில திறக்காதீங்க."

அக்கா பாதி டப்பா சாப்பிட்டாள். பாதி டப்பா! அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்து வாங்க ஹில்கிராஃப்ட் வழியாகப் போனேன். ஏழரை மணி, நோன்பு திறக்கும் நேரம். ஹலால் கடைகளில் எல்லாம் இஃப்தார் பஃபே. மேசைக்கு மேசை பேரீச்சம்பழமும் தண்ணீரும் முன்னால் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காத்திருக்கிறார்கள். கறியும் கோதுமையும் குழைய வெந்த ஹலீம் அண்டாவிலிருந்து ஆவி பறக்கிறது. பாங்கு சொன்னதும் அத்தனை கையும் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று. பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் தட்டை நிரப்பிக்கொள்ளும்போது யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒரு பெரியவர் தன் தட்டை முதலில் பேரனிடம் கொடுத்தார்.

அக்காவிடம் சொன்னேன். ஹலீமில் வறுத்த வெங்காயம் தூவியிருந்தார்களா என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

கவுண்ட் 900! 1,000-ஐத் தாண்டட்டும், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் முதல் ட்ரேயில் எடுப்பதானால் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். செவ்வாய் அடுத்த சைக்கிள் என்றால் நடுவில் இருப்பது சனி, ஞாயிறு, திங்கள். திங்கள் பல கடைகள் விடுமுறை. சனிக்கிழமை கூட்டம் தாங்காது. ஆனால் ஆட்டுக்கறி இருக்கும்.

வாய்ப்புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. தக்காளி பட்டால் எரியும், ஆகவே பட்டர் சிக்கன் முடியாது. குருமா முடியும், அதிலும் முந்திரியில் செய்த வெள்ளைக் குருமாவாக இருந்தால். நாளைக் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். நாலைந்து கடைக்குப் போன் போட்டு, குருமாவில் தக்காளி போடுவார்களா, எத்தனை மணிக்கு முதல் ட்ரே வரும் என்று கேட்க வேண்டும். ஒரு கடையில் மட்டும் இதுவரை போனை எடுத்தார்கள்.