பாதியில் நின்ற டிவிடியும் காணாமல் போன 26 ஜிபியும்

பாட்டியின் 80-ஆவது பிறந்தநாள் வீடியோவை டிவிடியில் போட்டுத் தரச் சொல்லி சுங்கைப்பட்டாணி அத்தை கேட்டிருந்தார். அவர் வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர்தான். பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் வெற்று டிவிடிகள் வாங்கி வந்து, ஆயர் ஈத்தாம் வீட்டில் மடிக்கணினியோடு டிவிடி எழுதும் யூஎஸ்பி ரைட்டரை இணைத்து உட்கார்ந்தேன்.

மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் பாதியில் நின்றது. கேபிள் லேசாக அசைந்தாலே ரைட்டர் அணைந்துவிடும். மென்பொருளும் உறைந்து போகும். டாஸ்க் மேனேஜரில் போய் வலுக்கட்டாயமாக மூடினேன். டிவிடிகள் வீணானது சரி, சி டிரைவில் 31 ஜிபியாக இருந்த காலி இடம் 5 ஜிபிக்கு வந்திருந்ததைப் பார்த்ததும்தான் பதறிவிட்டேன்.

குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். தேவையற்ற கோப்புகளை நீக்கும் விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பை ஓட்டினேன். சில எம்பிதான் கிடைத்தது. வேறு வழியில்லை என்று பழைய குடும்ப வீடியோக்களை அழிக்கப் போனேன். தாத்தா பேசும் வீடியோ அதில் இருந்தது, வேறு பிரதி கிடையாது. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும். தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறையில் ஒரே நிறத்தில் பெரிய பெரிய கட்டங்கள்! நான் பயன்படுத்திய மென்பொருள் வீடியோவை முதலில் டிவிடி பிளேயர் படிக்கும் விஓபி கோப்புகளாக மாற்றுகிறது, ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, முழு டிவிடியின் நகலாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பும் செய்கிறது. 4.7 ஜிபி டிவிடியில் விண்டோஸ் கணக்குப்படி 4.38 ஜிபிதான் கொள்ளும். என் வீடியோ 4.3 ஜிபி, விஓபியாகவும் ஐஎஸ்ஓவாகவும் இரண்டு பிரதி, மூன்று முயற்சி, ஏறக்குறைய 26 ஜிபி. வேலை முடிந்தால் மென்பொருளே அழித்துவிடும். நடுவில் மூடியதால் அப்படியே தங்கிவிட்டது. டிஸ்க் கிளீனப்போ டெம்ப்பில் ஒரு வாரத்துக்கு மேல் பழையதைத்தான் தொடும். இவை அன்று காலையில் உருவானவை.

மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்புறைகளை அழித்தேன். ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்தது. கணினியை மறுபடி தொடங்கியதும் அதுவும் போனது.

இன்னொரு இடமும் இருந்தது. தம்பி முன்பு ஒருநாள் படங்களை ரைட்டருக்குள் இழுத்துப் போட்டு, எழுதாமலே விட்டிருக்கிறான். அப்படிப் போடுபவற்றை விண்டோஸ் 'பர்ன்' என்ற மறைந்த கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ரைட்டரின் மேல் வலது கிளிக் செய்து தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொன்னேன், இன்னும் 2 ஜிபி வந்தது. காலி இடம் மொத்தம் 33 ஜிபி ஆனது.

மறுநாள் வேறு கேபிள் வாங்கி, முதலில் ஐஎஸ்ஓவை மட்டும் செய்து வைத்து, அதை 4x என்ற குறைந்த வேகத்தில் எழுதினேன். நிற்காமல் முடிந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்த அத்தையிடம் டிவிடியைக் கொடுத்தேன்.