விமானத்தின் இடது கன்னத்தில்

இன்று நிறுத்துமிடத்தில் ஓர் ஏ330. விமானி அறைக்குக் கீழே இடப்பக்கம் ஒரு தகடு, அதில் குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டு நின்றன.

பயணிகள் விமானங்களில் கருவி பொருத்தி வளிமண்டலத்தை அளக்கும் ஐகோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தின் கருவி அது. 1994-இல் மொசாயிக் என்ற பெயரில் 5 ஏ340 விமானங்களில் தொடங்கியது.

குழாய் வழியே வரும் காற்றில் ஓசோனைப் புற ஊதா ஒளியாலும் கார்பன் மோனாக்சைடை அகச்சிவப்பாலும் அளக்கிறார்கள். ஓசோன் 4 நொடிக்கு ஒருமுறை. கார்பன் மோனாக்சைடு மெதுவானது, 30 நொடி பிடிக்கும்.

உண்மையான தலைவலி ஈரப்பதம்தான்.

மாக் 0.8 வேகத்தில் (ஒலியின் வேகத்தில் 0.8 பங்கு) வரும் காற்று, ஈரப்பத உணரியின் கூட்டுக்குள் தடுக்கப்பட்டு அழுந்தி ஏறத்தாழ 30 டிகிரி சூடாகிவிடும். சூட்டில் ஈரப்பத விகிதம் இறங்குவதால், வெளியே ஈரம் நிறைந்த காற்று, உள்ளே வறண்ட காற்றாகத் தெரியும். 10 மடங்குக்கு மேல் குறைத்துக் காட்டும் அளவைத் திருப்பிப் பெருக்கும்போது, சின்னப் பிழையும் கூடவே பெருகும். கடுங்குளிரில் உணரி மந்தமாவது வேறு.

அதனால் உணரியை அவ்வப்போது கழற்றி, ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வகத்தில் சரிபார்க்கிறார்கள். விமானத்தில் பொருத்துவதற்கு முன் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை. இரண்டுக்கும் இடையிலான விலகலைத் தரவில் திருத்துகிறார்கள்.

இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். விமானப் புகைத்தடம் உடனே கரையுமா, மணிக்கணக்கில் மேகமாகப் பரவி வெப்பத்தைப் பிடித்து வைக்குமா என்பது அந்த ஈரப்பத எண்ணைப் பொறுத்தே இருக்கிறது.