குட்டி கார் எப்போ பொய் சொல்லும்?

72 கிலோமீட்டர் வேகத்துல ராம்ப் ஏறி பறக்குற காரை 1:16 மாடல்ல, அதாவது 16ல ஒரு பங்கு அளவுல செஞ்ச குட்டி கார்ல, டெஸ்ட் பண்ணணும்னா மாடல் எவ்ளோ வேகத்துல போகணும்? நானும் முதல்ல 72ஐ 16ஆல வகுத்து நாலரைன்னு போட்டேன், ராம்ப் முனையிலேயே தொபுக்குன்னு விழுந்துடுச்சு. காரை சின்னதாக்கலாம், ஆனா புவியீர்ப்பு அதே 9.8தானே, அது சின்னதாகாது. பறக்குற தூரம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி மாறும், அதனால தூரம் 16ல ஒரு பங்காகணும்னா வேகத்தை 16ஆல இல்ல, அதோட வர்க்கமூலம் 4ஆல வகுக்கணும், அதாவது 18 கிலோமீட்டர். கப்பல் மாடலுக்காக 1870கள்லயே வில்லியம் ஃப்ரூட்ங்கிற ஆங்கிலேயப் பொறியாளர் பயன்படுத்துன அதே விதிதான் இது.

15 டிகிரி ராம்ப்ல பெரிய கார் சுமார் 20 மீட்டர் பறக்கும், மாடல் 1.28 மீட்டர், 16ஆல பெருக்கிப் பாருங்க, கணக்கு அப்படியே உக்காரும்! நேரமும் நாலுல ஒரு பங்கு. போன்ல நொடிக்கு 120 ஃப்ரேம்ல வீடியோ எடுத்து 30ல ஓட்டுனா நிஜ கார் பறக்குற மாதிரியே நிதானமா இருக்கும், அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

ஆனா தூரம் சரியா வந்துச்சுன்னு நம்பிடக்கூடாது, ஆபத்து மூக்கு கவுறதுலதான் இருக்கு. முன் சக்கரம் ராம்பை விட்டு வெளிய வந்ததும் பின் சக்கரம் இன்னும் ராம்ப் மேலதான் இருக்கும், அந்த ஒரு கணத்துல முன்பக்கம் கீழ சாய ஆரம்பிச்சு காத்துலயும் சுத்திக்கிட்டே போகும். நீளம், அகலம், உயரம் மூணுமே 16ஆல குறையுறதால எடையை 16×16×16ஆல வகுக்கணும், 1600 கிலோ காருக்கு மாடல் 390 கிராம் இருந்தா எடை சரிதான், ஆனா அந்த எடை எங்க உக்காந்திருக்குங்கிறது அதைவிட முக்கியம். என் மாடல்ல பேட்டரி நடுவுல இருந்துச்சு, அழகா நேரா பறந்துச்சு. நிஜ கார்ல எஞ்சின் முன்னாடி இருக்கே! பேட்டரியை முன் பம்பர் பக்கம் தள்ளி ஒட்டுனேன், அதே வேகம் அதே ராம்ப், மூக்காலயே தரையில குத்துச்சு.

இன்னொண்ணு, ரிமோட் கார் ஓட்டுறவங்க காத்துல த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) அமுக்கி மூக்கைத் தூக்குவாங்க, சக்கரம் வேகமா சுத்துனா பாடி எதிர்ப்பக்கம் சுத்தும். ரிமோட் கார்ல பாடி எடையோட ஒப்பிட்டா சக்கரம் கனம், அதான் அவ்ளோ நல்லா வேலை செய்யுது. நிஜ கார்லயும் அதே அளவுக்கு திரும்பும்னு எதிர்பார்க்காதீங்க.

தரையிறங்குறதுல மாடலை நம்பவே கூடாது. அதே உலோகத்துல செஞ்சாலும் மாடலுக்குள்ள வர்ற அழுத்தம் 16ல ஒரு பங்குதான், அதனால கீறல் கூட இல்லாம எழுந்து ஓடும். நிஜ கார்ல சஸ்பென்ஷன் அடிவரைக்கும் அமுங்கி, மிச்ச அடி உள்ள இருக்குற ஆளோட முதுகெலும்புக்குத்தான் போகும். எங்க விழும்னு குட்டி கார்கிட்ட கேளுங்க, விழுந்தா ஆள் தாங்குவாரான்னு மட்டும் கேக்காதீங்க.