வாசனை எண்ணெயில் இறுதியாண்டு ஆய்வு: கைபிசகும் இடங்களும் வைவாக் கேள்வியும்

வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) சம்மாந்துறையிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம்) இறுதியாண்டு ஆய்வுக்குத் தாவர வாசனை எண்ணெயை எடுப்பவர்களிடம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்கத் தோதான கேள்வி ஒன்று உண்டு: “இதே எண்ணெய் ஒட்சியேற்ற எதிரி என்கிறீர்கள், களைகொல்லி என்றும் சொல்கிறீர்கள். எப்படி?”

சோதனைக் குழாயில் கராம்பிலுள்ள யூஜினோல் போன்ற பீனோல் தன் ஐதரசனைக் கொடுத்து, கலத்தைச் சேதமாக்கும் சுயாதீன மூலிகத்தை அடக்குகிறது. இலையில் நடப்பது வேறு. அங்கே செறிவு பல மடங்கு. எண்ணெய் இலை மெழுகையும் கல மென்சவ்வையும் குலைக்க, கலத்துக்குள்ளேயே ஒட்சியேற்ற நெருக்கடி கிளம்புகிறது. இந்தப் பதிலை மனப்பாடம் செய்வதைவிட, அது தரவிலேயே தெரியும்படி ஆய்வை அமைப்பது நல்லது. பீனோல் நிறைந்த ஒன்று (கராம்பு அல்லது கறுவா இலை), பீனோல் அல்லாத ஒன்று (சிற்றால் நிறைந்த எலுமிச்சைப் புல்) என இரண்டை எடுங்கள். டி.பி.பி.எச் சோதனையில் (ஊதா நிறச் சுயாதீன மூலிகம் ஒன்றை எண்ணெய் எவ்வளவு அடக்குகிறது என்று பார்ப்பது) எலுமிச்சைப் புல் பின்தங்கும். விதை முளைப்பைத் தடுப்பதில் அப்படிப் பின்தங்காது. பேசுவதற்கு அந்த வேறுபாடே போதும்.

வடிப்புக்கு 100 கிராம் நறுக்கிய பச்சை எலுமிச்சைப் புல், 500 மில்லிலீற்றர் நீர், கிளெவெஞ்சர் கருவியில் (ஆவியோடு வரும் எண்ணெயைப் பிரித்துச் சேர்க்கும் கண்ணாடிக் கருவி) 3 மணி நேரம். கிடைப்பது அரை மில்லிலீற்றர் அளவுதான். மட்டக்களப்பு வெயிலில் மேல்தாங்கி நீர் நண்பகலில் சுடும். ஒடுக்கி குளிராவிட்டால் ஆய்வுகூடம் மணக்கும், குழாயில் எண்ணெய் இராது. காலையில் தொடங்குங்கள், அல்லது ஐஸ் போட்ட வாளியிலிருந்து நீரைச் சுற்றவிடுங்கள். கராம்பில் சிக்கல் வேறு: யூஜினோலின் அடர்த்தி ஏறத்தாழ 1.06, எண்ணெய் நீருக்கு அடியில் போகும். இலேசான எண்ணெய்க்கான கிளெவெஞ்சரில் அது நீரோடு குடுவைக்கே திரும்பிவிடும். “கராம்பில் எண்ணெயே இல்லை” என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. பாரமான எண்ணெய்க்கான கருவியைக் கேளுங்கள். இல்லையென்றால் வடிநீரைச் சேர்த்து ஹெக்சேனால் பிரித்தெடுங்கள். பிறகு நீரற்ற சோடியம் சல்பேற்றால் உலர்த்தி, கபில நிறப் போத்தலில் 4 பாகை செல்சியசில் வையுங்கள்.

டி.பி.பி.எச் கரைசலுக்கு 100 மில்லிலீற்றர் மெதனோலில் 3.94 மில்லிகிராம் வேண்டும். அந்த எடையை நேரே நிறுக்க வேண்டாம், தராசின் பிழை அதையே விழுங்கிவிடும். 39.4 மில்லிகிராமை அதே 100 மில்லிலீற்றரில் கரைத்து, அதைப் பத்து மடங்கு ஐதாக்குங்கள். 3 மில்லிலீற்றர் கரைசலுடன் 1 மில்லிலீற்றர் மாதிரி, இருட்டில் 30 நிமிடம், பிறகு 517 நானோமீற்றரில் ஒளி உறிஞ்சலை வாசியுங்கள். எண்ணெய் சேராத கட்டுப்பாடு 0.9 அளவில் வாசிக்க வேண்டும். 0.5 காட்டினால் கரைசல் பழசு, அன்றைய தரவை எழுதாதீர்கள். உச்சச் செறிவிலும் 45 சதவீதம்தான் அடங்கியது என்றால், கோட்டை நீட்டி 50 சதவீதப் புள்ளியைக் கண்டுபிடிக்காதீர்கள். “இச்செறிவுக்கு மேல்” என்று எழுதினாலே போதும்.

முளைப்புச் சோதனைக்கு 9 சென்ரிமீற்றர் பெத்திரிக் கிண்ணம், வடிதாள், 5 மில்லிலீற்றர் கரைசல், 25 விதை, நான்கு மீள்செய்கை. எண்ணெய் நீரில் கலக்காது, அதைக் கலக்கவைக்க 0.1 சதவீதம் ட்வீன்-20 தேவை. கட்டுப்பாட்டுக்கும் வெறும் நீர் அல்ல, அதே ட்வீன் கரைசல். எல்லாக் கிண்ணத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கினால் ஆவி பரவி கட்டுப்பாடும் முளைக்காது. ஒவ்வொரு செறிவுக்கும் தனிப் பெட்டி. புதிதாகப் பறித்த நெற்சப்பி (நெல்வயல் களை) விதை உறங்குநிலையில் இருக்கும், முன்கூட்டியே முளைதிறன் பாருங்கள். நெல் விதையையும் சேர்த்துச் சோதியுங்கள். அதை விட்டால் “பயிருக்கு என்ன ஆகும்?” என்று நிச்சயம் கேட்பார்கள்.

இலைத் தெளிப்பில்தான் எண்ணெய் அதிகம் செலவாகும். 5 சதவீதம், சாடிக்கு 10 மில்லிலீற்றர், நான்கு சாடி என்றால் 2 மில்லிலீற்றர் எண்ணெய், அதாவது நான்கு வடிப்பு. இதே கணக்கை அம்பாறை வயலுக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கருக்கு 16 லீற்றர் தெளிகருவியில் பத்துத் தாங்கி, 160 லீற்றர். அதில் 8 லீற்றர் எண்ணெய். அதற்கு 1600 கிலோ பச்சைப் புல். “விவசாயிகளுக்கு மலிவான மாற்று” என்று முடிவுரையில் எழுதுமுன் இந்த எண் கண்முன் இருக்கட்டும். நெல்லும் சேர்ந்து கருகும் என்பதால் வரம்பு, நடைபாதை, விதைப்புக்கு முந்திய நிலம் என்று இடத்தைச் சுருக்கிச் சொல்லுங்கள்.

எண்ணெய் தொட்ட இடத்தைத்தான் எரிக்கும், உள்ளே கடத்தப்படாது. கோரையில் மறுநாளே இலை கருகிப் படத்துக்கு அழகாக இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து மறுபடி தளிர்க்கும். 24 மணி நேரப் படத்தோடு நிறுத்தாமல் 21 நாள்வரை பதியுங்கள்.